நாலாம் துண்டு

இஞ்சின் நின்றுவிட்டது. ஆனால் அதன் நெற்றியில் இருந்த சின்ன பல்ப் மங்கவில்லை.

சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்த அபூசாலிக்கு அதுதான் பிடிபடவில்லை. தண்டவாளத்தில் எங்கோ தொடுப்பு விட்டு, கறண்ட் வராமல் இஞ்சின் நின்றால் விளக்கும் கூடவே மங்க வேண்டும். இதுவோ விளக்கு பிரகாசமாக எரிய, உள்ளே மோட்டார் வண்டுபோல முரல, சக்கரங்கள் மட்டும் உருள முடியாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. முன்னால் யாரோ உள்ளங்கையை வைத்துத் தடுத்திருப்பதைப் போல.

"எப்பவும் இதே இடம்தான் தம்பி," என்றார் கதிரையில் இருந்த கனகசபாபதி. "ஒரு விரல் அங்கால இங்கால இல்ல."

கார்த்திகைச் சூறாவளி அடித்து நாலு மாதமாகியிருந்தது. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த அபூசாலி, அந்த நாலு மாதமும் உப்பைக் கழுவியே காலத்தை ஓட்டினான். ஊரிலுள்ள ரேடியோ, காற்றாடி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்குள்ளும் கடல் புகுந்து வந்திருந்தது. ஏலாது என்று அவன் எதையும் திருப்பி அனுப்பவில்லை. தமிழ்ப் பகுதியில் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் விளையாட்டு ரயில் ஒன்றைத் திருத்தக் கூப்பிடுகிறார் என்றபோது சிரிப்பு வந்தது. என்றாலும் மீட்டரையும் குறடுகளையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

இங்கே வந்து பார்த்தபோது சிரிப்புப் போய்விட்டது. முன் ஹோல் முழுக்கத் தண்டவாளம். வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஏலத்தில் விட்டுப்போன பழைய சாமான். தகரத்தில் செய்த கனமான இஞ்சின், மூன்று வரித் தண்டவாளம். ஓரத்து இரண்டு வரிக்கும் ஒரு வயர், நடு வரிக்கு மற்ற வயர். தகர ஸ்டேசன் ஒன்று, பலகையில் செய்த பாலம் ஒன்று. ஸ்டேசன் பெயர்ப் பலகையில் பெயர் இல்லை. கறுப்பு மையால் பூசி அழித்திருந்தது. ஓடு பறந்த கூரைக்கு மேல் கட்டியிருந்த தறப்பாள் காற்றில் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கியது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கடல் வந்து நின்ற கோடு. நாலு மாதத்துக்குப் பிறகும் வீடு முழுக்கச் சேற்று மணம். பின் அறையில் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கனகசபாபதியின் மகள் சிவபாக்கியம் தைக்கிறாள்.

அந்தத் தெருவுக்குப் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் மின்சாரம் விட்டார்கள். அபூசாலி நேரத்தை வீணாக்கவில்லை. தொழிலில் அவன் எப்போதும் செய்கிற ஒழுங்குப்படியே போனான். முதலில் ட்ரான்ஸ்போமர், அதில் குறையில்லை. பிறகு இஞ்சினைக் கவிழ்த்து நடு வரியைத் தொடும் தகட்டைச் சுரண்டினான், மோட்டாரின் கரியைத் துடைத்தான். பிறகு அரத்தாளால் தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டே முழங்காலில் நகர்ந்தான். பாலத்தைத் தாண்டிய வளைவில் ஓர் இணைப்பு துருவேறித் தளர்ந்திருந்தது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. துருவைச் சுரண்டி, ஆணியை இறுக்கி, ஈயம் வைத்தான்.

"கிடைச்சிட்டு ஐயா. இதான் விசயம்."

கனகசபாபதி கதிரை நுனிக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டையில் கழுத்துப் பட்டிவரை பொத்தான் போட்டிருந்தார். "பழுதுதானே தம்பி? பழுதெண்டு வடிவாச் சொல்லுங்க."

"பழுதுதான். துரு."

ட்ரான்ஸ்போமரின் லீவரைத் தள்ளினான். இஞ்சின் ஓடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கிழவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மூன்றாம் சுற்றில், பாலத்தைத் தாண்டியதும், இஞ்சின் நின்றது. விளக்கு எரிந்தது. மோட்டார் முரன்றது.

அதே இடம்.

அபூசாலி கைத்துருவைக் கழுவக் கிணற்றடிக்குப் போனான். தையல் மெஷின் நின்றுவிட்டிருந்தது. சிவபாக்கியம் அவனுக்கு முன்னமே வாளியுடன் அங்கே நின்றாள். முப்பது வயதுக்கு மேலிருக்கும்; உறக்கமில்லாத கண்.

"காக்கா," என்றாள் மெல்ல, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில். "இது ஏலாதெண்டு சொல்லிட்டுப் போங்க."

"ஏன் தங்கச்சி? சின்ன வேலைதான்."

"நீங்க ஏலாதெண்டா நான் தூக்கி எறிஞ்சிருவன். கறண்ட் வந்த நேரத்திலிருந்து போற மட்டும் அதப் பாத்துக்கிட்டு இரிக்கார். சாப்பாடில்ல. அந்த வளைவு கிட்டப் போய்க் காது குடுத்துக் கேக்கார்."

"என்னத்தக் கேக்கார்?"

அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "எனக்குத் தெரியா. நானும் ஒருநாள் கேட்டன். பிறகு அந்த ஹோலுக்க நான் போறல்ல."

ஏலாது என்ற ஒரு சொல். சொல்லியிருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு, அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றுகூடப் போயிருக்கலாம். ஆனால் எரிகிற விளக்கோடு நிற்கிற இஞ்சின் அவன் மூளையை அரித்தது. கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போனான்.

இந்த முறை இஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி, ஒரு பழைய பத்திரிகையின் மேல் மல்லாத்தி வைத்தான். ட்ரான்ஸ்போமரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினான். வெறும் தண்டவாளம் மட்டும். மீட்டரைத் தடை அளக்கும் பக்கம் திருப்பி, ஒரு முனையை நடு வரியிலும் மறு முனையை ஓரத்து வரியிலும் வைத்தான். இரண்டுக்கும் இடையில் ஒன்றுமில்லை. முள் அசையக் கூடாது.

முள் எழும்பியது. மெதுவாக எழும்பி, ஓரிடத்தில் நின்று, இலேசாக ஆடியது. யாரோ மூச்சு விடுவதற்கேற்ப ஆடுவதுபோல.

உப்பு, என்று நினைத்தான். கடல்தண்ணீர் காய்ந்த உப்பு. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கறண்டைக் கசிய விடுகிறது. நூறு ரேடியோவில் பார்த்தது. மண்ணெண்ணெய்த் துணியால் தண்டவாளத்தைக் கட்டை கட்டையாகத் துடைத்து உலர விட்டான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மறுபடியும் வைத்தான். அதே அளவு. அதே ஆட்டம்.

மீட்டரில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தில், ரேடியோக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல, இரண்டு முனைகளையும் தன்னுடைய ஈரக் கைகளிலேயே பிடித்துப் பார்த்தான். முள் எழும்பியது. எழும்பி, சற்று முன் நின்ற அதே இடத்தில் நின்று, இலேசாக ஆடியது.

அபூசாலி கையை எடுத்தான். தண்டவாளத்தில் வைத்தான். கையில் பிடித்தான். தண்டவாளத்தில் வைத்தான்.

வேறுபாடு இல்லை.

துருவுக்கு ஓர் அளவு உண்டு, உப்புக்கும் உண்டு. இது அது இரண்டும் இல்லை. ஈரமான ஓர் ஆள் ஒரு காலை நடு வரியிலும் ஒரு காலை ஓரத்து வரியிலும் வைத்து நின்றால் மீட்டர் என்ன காட்டுமோ, அதைக் காட்டுகிறது.

"என்ன தம்பி? துருதானே?"

"துருதான் ஐயா," என்றான்.

கனகசபாபதி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையை வளைவுக்குத் திருப்பி, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர் சொல்லும் விதத்தில், தாழ்ந்த குரலில் கதைக்கத் தொடங்கினார்.

"ஐம்பத்தேழு வெள்ளம். காட்டுக்குள்ள ஒரு சின்ன ஸ்டேசன், நான் மட்டும்தான். ரோட்டெல்லாம் தண்ணிக்குள்ள தாண்டு போச்சி. ரெயில் மேடு ஒண்டுதான் வெளியில கிடக்கு. பின்னேரம் பாக்கக்குள்ள, மழைக்குள்ளால ஆரோ லைனில நடந்து வாறாங்க. ஒரு பொம்புள. கையில மூட்டையோ பிள்ளையோ, தூரம், விளங்கல்ல. அந்த நேரம் பாத்து அங்கால ஸ்டேசன்ல இருந்து மணி வருது. இஞ்சின விடட்டா எண்டு கேக்காங்க."

தறப்பாள் ஏறி இறங்கியது.

"நீங்க என்ன செஞ்சீங்க ஐயா?"

"அவ அதுக்குள்ள வந்து சேந்திருவா எண்டு நினைச்சன். விடச் சொல்லிட்டன்." அவர் கழுத்துப் பட்டியைத் தடவினார். "இஞ்சின் வந்து நிண்டது. டிரைவர் ஒண்டும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல. அவ வரல்ல. ஆரும் தேடியும் வரல்ல. இந்தப் பாதைய அந்த இடத்தப் போலதான் போட்டு வெச்சன். இத்தின வருசம் ஒழுங்கா ஓடிச்சி. கடல் தண்ணி வீட்டுக்குள்ள வந்து போன பிறகுதான் அந்த இடத்தில நிக்கத் தொடங்கினது. அதான் உங்களக் கூப்பிட்டன். நீங்க வயர் வேலை தெரிஞ்ச ஆள். பழுதெண்டு நீங்க சொன்னா நான் நம்புவன்."

அபூசாலிக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது. அதைவிடக் கூடுதலாகப் பயம். பழுதைக் காட்டிவிட வேண்டும், அவருக்காக இல்லாவிட்டாலும் தனக்காக. ஒரு பழைய போஸ்ட்கார்ட்டைக் கிழித்தான். நாலு இடத்தில் இணைப்புகளை இழுத்து இடையில் அட்டைத் துண்டுகளைச் செருகினான். வட்டம் நாலு துண்டாகப் பிரிந்தது. ஸ்டேசன் இருப்பது முதலாம் துண்டு. பாலம் மூன்றாம் துண்டு. பாலத்துக்கு அப்பாலுள்ள வளைவு நாலாம் துண்டு. இனி ஒவ்வொன்றாக அளந்தால் கசிவு எதில் என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடலாம்.

நாலில் வைத்தான். முள் எழும்பியது.

மூன்றில் வைத்தான். அசையவில்லை. இரண்டில், ஒன்றில். அசையவில்லை.

"நாலில ஐயா. நாலில மட்டும்தான். பாத்தீங்களா, ஒரே இடத்துப் பழுது." சொல்லிக்கொண்டே, உறுதிப்படுத்த, மறுபடி நாலில் வைத்தான்.

முள் அசையவில்லை.

அழுத்தி வைத்தான். ஒன்றுமில்லை. வயரைத் திருகிப் பார்த்தான். ஒன்றுமில்லை. கை தானாகவே மூன்றுக்குப் போனது.

முள் எழும்பியது. நின்றது. ஆடியது.

"எத்தினயாவது துண்டு?" என்று கேட்டார் கனகசபாபதி.

அவன் முனைகளை மூன்றிலேயே அழுத்திப் பிடித்திருந்தான்.

"மூண்டா?"

"ஓம்."

"பாலத்தில ஏறிட்டா," என்றார் கிழவர்.

வெளியே வெயில் மங்கி, தறப்பாளின் நீலம் தரையெங்கும் இறங்கியிருந்தது. அந்த நிறத்தில் சீமெந்துத் தரை தரையைப்போல இல்லை. அபூசாலி மீட்டரைப் பைக்குள் போட வேண்டும் என்று நினைத்தான். எழும்ப வேண்டும் என்று நினைத்தான். ஆனால் அளக்காமல் விட்டால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போய்விடும். தெரியாமல் இந்தத் தரையில் இருக்க அவனால் முடியவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

மூன்று. இன்னும் மூன்றுதான்.

மூன்று.

மூன்றில் இல்லை.

இரண்டு.

பலகைப் பாலத்தில் ஒரு கிறீச். மிகச் சின்னச் சத்தம். பாரம் இறங்கிய பலகை நிமிர்கிற சத்தம். சேற்று மணம் இப்போது பழையதாக இல்லை. மழையில் நனைந்த தலைமுடியின் மணம் அதில் கலந்திருந்தது.

"கறண்டப் போட்டிராதீங்க," என்றார் கனகசபாபதி. அவர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் பயமில்லை, ஆசை இருந்தது, பார்க்கப் பொறுக்க முடியாத ஓர் ஆசை. "இந்த முற ஒண்டும் வராது. நான் மணிக்குப் பதில் குடுக்கல்ல. அவ வந்து சேந்திருவா."

"ஐயா, இரிங்க. இரிங்க ஐயா."

கிழவர் தண்டவாளத்துக்குள் காலை வைத்தார். தகர ஸ்டேசனுக்கு முன்னால், வெறுங்காலோடு, வரிகளுக்கு நடுவில் நின்றார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

அபூசாலி ஒன்றில் வைத்தான்.

முள் எழும்பியது, ஒரு கணம் நின்றது, விழுந்தது. ஒன்றில் இல்லை. இரண்டில் இல்லை. எங்கும் இல்லை.

"பிள்ளையத் தாங்க," என்று கனகசபாபதி தனக்கு முன்னாலிருந்த வெறும் காற்றிடம் சொன்னார். "ஓம். பிடிச்சிட்டன்."

அவர் கைகள் தாழ்ந்தன. ஒரு பாரம் ஏறும்போது தாழ்வதுபோல, முழங்கை மடிந்து, முதுகு பின்னால் சாய்ந்து. வெள்ளைச் சட்டையின் மார்பில் ஈரம் படர்ந்தது. முதலில் ஓர் உள்ளங்கையளவு. பிறகு ஒரு சின்ன உடம்பின் அளவு. முழங்கைகளிலிருந்து நீர் சொட்டியது. அவருடைய கழுத்துப் பட்டியின் இடப்பக்கத் துணி தானாகச் சுருங்கி, மடிப்பு மடிப்பாக ஒன்றுசேர்ந்து, இழுபட்டு நின்றது. ஐந்து சின்ன விரல்கள் அதைப் பொத்திப் பிடித்திருந்தால் எப்படிச் சுருங்குமோ, அப்படி.

பத்திரிகையின் மேல் மல்லாந்து கிடந்த இஞ்சினின் சக்கரம் ஒன்று சுழன்றது.

அபூசாலி சுவரைப் பார்த்தான். பிளக் தரையில் கிடந்தது.

சக்கரங்கள் எல்லாம் சுழன்றன. மெதுவாக. பிறகு வேகமாக. பத்திரிகை படபடத்தது. அவன் இஞ்சினைப் பிடித்தான். தகரம் அடுப்புக்கல்லைப்போலச் சுட்டது. விட்டான். உள்ளங்கைத் தோல் உரிந்து அதிலேயே ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் வடக்குப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

தூரத்தில். நீளமாக. ஓர் இஞ்சின் ஊதல்.

கல்முனைக்கு ரயில் வந்ததே கிடையாது. பாதை மட்டக்களப்போடு முடிகிறது. இருபத்தைந்து மைல்.

மறுபடி ஊதியது. கிட்ட.

"அப்பா." சிவபாக்கியம் அறை வாசலில் நின்றாள். அவளும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. "அப்பா, அங்கால இறங்குங்க. அப்பா."

கனகசபாபதி இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வரிகளுக்கு வெளியே ஒரு சாண் தூரத்தில் உலர்ந்த தரை. ஒரு குழந்தைகூடத் தாண்டிவிடும்.

"எங்க மகள் இறங்குற?" என்றார். "ரெண்டு பக்கமும் தண்ணி."

அபூசாலி எழுந்து பாய்ந்தான். தண்டவாளத்தைக் கையோடு பிடுங்கினான். இரண்டு கட்டை கழன்று வந்தது. சத்தம் குறையவில்லை. அவரைப் பிடித்து இழுக்க ஒரு காலை எடுத்து வைத்தான்.

தரை இல்லை.

கால் இடுப்புவரை இறங்கியது. குளிர். ஓடுகிற தண்ணீரின் குளிர், காலைச் சுற்றி இழுக்கிற வேகம், அடியில் எதுவுமில்லாத ஆழம். கண்ணுக்குத் தெரிந்தது சீமெந்து. சிவபாக்கியம் அவன் கையைப் பிடித்தாள். அவள் பிடித்திருக்காவிட்டால் போயிருப்பான். இருவரும் வாசற்படியில் விழுந்தார்கள். அவன் சாரனிலிருந்து தண்ணீர் ஓடியது. தரை உலர்ந்து கிடந்தது.

"யா அல்லாஹ்," என்றான்.

மூன்று முழத் தூரம். கைக்கெட்டாத தூரம்.

வடக்குச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. படங்கள் ஒன்றின்பின் ஒன்றாக விழுந்தன. தகர ஸ்டேசன் தரையில் துள்ளியது. தாளம் கேட்டது, இரும்பின் மேல் இரும்பு, கனமான தாளம், நெஞ்சுக்குள் இடிக்கிற தாளம்.

"அவ்வளவு எட்டி நிக்காதீங்க," என்று கிழவர் தன் கையிலிருந்த பாரத்துக்கு மேலாகக் குனிந்து, வரிகளில் தனக்குப் பின்னால் நிற்கும் யாரிடமோ அமைதியாகச் சொன்னார். "எனக்குக் கிட்ட வாங்க. ஒட்டி நில்லுங்க."

அவருடைய முதுகுச் சட்டையும் நனைந்தது. ஓர் ஆள் ஒட்டிச் சாய்ந்த அளவுக்கு.

சிவபாக்கியம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய நகங்கள் அபூசாலியின் கையில் புதைந்திருந்தன. அவனும் அவளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூட முடியவில்லை.

கனகசபாபதி வடக்குச் சுவருக்கு முதுகைத் திருப்பினார். தோள்களைக் குறுக்கி, கையிலிருந்ததை மார்புக்குள் பொத்திக்கொண்டார்.

ஊதல் மூன்றாம் முறை கேட்டது. வெளியிலிருந்து இல்லை. ஹோலுக்குள்ளிருந்து.

கழுத்துப் பட்டியைப் பொத்தியிருந்த அந்தச் சின்னப் பிடி இறுகியது.